குமுளிக்கு அப்பால் ஒரு வாரம்



உன் கடிதம் கிடைத்தது. கேரளத்து இடுக்கி ஜில்லாவில் வண்டிப்பெரியாரை அடுத்த தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில் குடியிருக்கும் தம்பதியர், குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவுப்படி தங்கள் பராமரிப்பில் வளரும் ஒன்பது வயதுச் சிறுமியையும் அழைத்துக்கொண்டு சித்திரை மாதத்து வீரபாண்டித் திருவிழாவுக்குத் தேனிப் பக்கம் போய் ஒரு வாரம் தங்கிவர ஆசைப்படுகிறார்கள் என்றும், உன்னோடு உத்தியோகம் பார்க்கும் மூத்தவர் ஒருவர், "வேற்று மாநிலம், வீண் வம்பு, அந்த ஒரு வாரத்துக்குப் பிள்ளையைக் குழந்தைகள் இல்லத்தில் விட்டுவிட்டுப் போகட்டும்" என்று யோசனை சொன்னார் என்றும், வேலையில் சேர்ந்து ஆண்டு நிறையாத நீ அவர் சொல்லைத் தட்டவும் மாட்டாமல் ஏற்கவும் மாட்டாமல் தவிக்கிறாய் என்றும் எழுதியிருந்தாய். என் அபிப்பிராயத்தைக் கேட்டாய், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த யோசனை உத்தியோகஸ்தருக்குச் சௌகரியம், பிள்ளைக்குத் தண்டனை.

அந்தச் சிறுமியின் சரித்திரத்தை ஒரு கணம் அவள் பக்கத்திலிருந்து பார். பெற்றவள் வீட்டிலிருந்து ஒரு நாள் யாரோ அழைத்துப் போனார்கள்; ஒரு மேஜையின் முன் நிறுத்திப் பெயர் கேட்டார்கள்; இல்லத்தில் விட்டார்கள்; அங்கே பாயும் தட்டும் பழகி, பக்கத்துப் படுக்கைப் பெண்ணோடு சிநேகமும் உண்டானபின், மறுபடி துணிமணிகளைப் பையில் திணித்து இந்த லயத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு தடவையும் முதலில் நடந்த காரியம் பை கட்டுவது. அதன் பின் பழைய வீட்டை அவள் பார்த்ததில்லை. ஆகையால் மற்றப் பிள்ளைகளுக்குக் குதூகலமாக இருக்கிற பிரயாண ஏற்பாடு, அவளுக்கு அடிவயிற்றைக் கலக்குகிற சமாசாரம். லயத்துப் பிள்ளைகளெல்லாம் புதுச் சட்டையோடு ஜீப்பில் ஏறும் தினத்தில் அவளை மட்டும் இல்லத்து வாசலில் இறக்கிவிட்டால், அந்தக் குடும்பத்தார் தனக்கு யார் என்பதை அவள் தானே தீர்மானித்துக்கொள்வாள். அப்புறம் "பிள்ளை குடும்பத்தோடு நன்றாகப் பழகுகிறாள்" என்று நாம் எத்தனை அறிக்கைகளில் எழுதினாலும் அந்தத் தீர்மானம் மாறாது.

ஆனால் மூத்தவருடைய அச்சத்தில் நியாயமே இல்லை என்று எண்ணிவிடாதே. 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம் தன் 44ஆம் பிரிவில் வளர்ப்புப் பராமரிப்பைப் பற்றிச் சொல்லுவதை நிதானமாக ஒரு முறை படித்தாயானால், பிள்ளையின் படிப்புக்கும் ஆரோக்கியத்துக்கும் ஆகாரத்துக்கும் வளர்ப்புக் குடும்பம் பொறுப்பென்று வைத்த அதே பிரிவு, குழுவின் தடையில்லாதவரை பெற்றோர் இடையிடையே வந்து பிள்ளையைப் பார்க்கலாம் என்றும், அவர்கள் நிலைமை சீரடைந்ததாகக் குழு கண்டால் பிள்ளை அவர்களிடமே திரும்பலாம் என்றும், மாதந்தோறும் குழு அந்த வீட்டைப் பார்வையிட்டுப் பிள்ளையின் க்ஷேமத்தை அறிய வேண்டும் என்றும் விதித்திருப்பதைக் காண்பாய். தத்து கொடுத்தபின் பிள்ளை அந்த வீட்டு வாரிசு. வளர்ப்புப் பராமரிப்பிலோ குழுவின் பொறுப்பு ஒருநாளும் முடிவதில்லை. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் அமர்ந்த, முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் அதிகாரம் படைத்த அந்தச் சபையின் உத்தரவால் வந்த பிள்ளையை அதன் ஆதிக்கத்துக்கு வெளியே கொண்டுபோகும்போது, அதன் எழுத்து மூலமான அநுமதியைக் கையில் வைத்துக்கொண்டு போவதே முறை.

இனி குமுளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நீ சமவெளியில் பிறந்தவன், எல்லை என்றால் வேலியும் காவலும் கற்பனை செய்துகொண்டிருப்பாய். வண்டிப்பெரியாரிலிருந்து கேரளத்து பஸ்ஸில் ஏறிக் குமுளியில் இறங்கி, மிளகும் ஏலமும் மணக்கிற கடைவீதியைக் கால்நடையாகக் கடந்து, சோதனைச் சாவடிக்கு அப்பால் நிற்கிற தமிழ்நாட்டு பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம். கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் விடியற்காலையில் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிவருகிற ஜீப்புகள் பொழுது சாய்கையில் மலையிறங்குகின்றன. 1956இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு நின்றன. பெண் கொடுப்பதும் எடுப்பதும், குலதெய்வமும், பெரிய வைத்தியமும் இங்குள்ள பலருக்கு இன்றைக்கும் கம்பம் பள்ளத்தாக்கில்தான். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரே 1895 முதல் அந்தத் திசையில்தானே போய்க்கொண்டிருக்கிறது!

இப்படி எவரும் எவரையும் கேட்காத எல்லை, உறவுக்காரருக்கு எவ்வளவு சுகமோ, பிள்ளைகளை வேலைக்கென்று ஏற்றிக்கொண்டு போகிறவனுக்கும் அவ்வளவு சுகம். ஆகவே என்றைக்காவது ஒரு நாள் யாராவது கேட்கத்தான் செய்வார்கள், கேட்கவும் வேண்டும். மலைப்பாதையின் வளைவுகளில் வாந்தியெடுத்து அழுதுகொண்டிருக்கிற ஒரு பெண் குழந்தை, தன்னை அழைத்துப்போகிற ஸ்திரீயை "அத்தை" என்கிறது. பள்ளி அட்டையில் தகப்பன் பெயர் வேறாக இருக்கிறது. பஸ்ஸில் வந்த புண்ணியவான் ஒருவர் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குத் தொலைபேசியில் சொல்லிவிடுகிறார். அவர் செய்தது சரியே. கையில் கடிதம் இல்லையென்றால், பிரயாண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் பிள்ளையை அந்த ஊர்க் குழுவின் முன் நிறுத்துவார்கள். விசாரணை முடிந்து, இடுக்கிக் குழுவோடு கலந்து, திருப்பி அனுப்ப உத்தரவாகி, போலீஸார் அழைத்துவர வேண்டும். அதற்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 95ஆம் பிரிவு 15 நாள் அவகாசமும், பெண் குழந்தையென்றால் பெண் காவலர் துணையும் விதித்திருக்கிறது. எல்லாம் கிரமப்படியே நடந்தாலும், அந்தப் பிள்ளை இன்னொரு தடவை பையோடு கைமாறினாள் என்பதுதான் மிஞ்சும். அநுமதிக் கடிதத்தை வாங்கச் சொல்லுவது இதைத் தடுக்கத்தான். அலுவலகக் கோப்பை நிரப்புவதற்கு நான் ஒருநாளும் காகிதம் கேட்டதில்லை.

மனுவை அந்தக் குடும்பத்தார் தமிழிலேயே எழுதலாம். தமிழ், கன்னடச் சிறுபான்மையோர் தங்கள் மொழியிலேயே அரசாங்கத்தோடு கடிதப் போக்குவரத்து நடத்தலாம் என்று 1969ஆம் வருஷத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடங்கொடுத்திருக்கிறது. கொழுந்து கிள்ளுகிற ஒரு பெண்மணி தன் மனத்திலுள்ளதைத் தன் பாஷையில் சொன்னால், நீ திருத்தி எழுதுகிற மனுவைவிட அது குழுவுக்கு அதிகம் தெரிவிக்கும். எங்கே போகிறார்கள், யார் வீட்டில் தங்குகிறார்கள், அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எந்தத் தேதியில் திரும்புகிறார்கள், பெற்றவள் வந்து பார்க்கிற முறைநாள் அந்த வாரத்தில் விழுகிறதா என்பவையெல்லாம் அதில் இருக்கட்டும். முறைநாள் விழுமானால் திருவிழாவுக்காக அதைத் தள்ளாதே. புறப்படுவதற்கு முன் நாளுக்குக் கொண்டுவா. குழுவின் உத்தரவு மலையாளத்தில் வந்தால், முத்திரையோடு கூடிய ஆங்கிலப் பிரதி ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொள். தமிழ்நாட்டுப் பக்கத்து லோயர் கேம்ப்பில் வண்டியை நிறுத்துகிற காவலர் மலையாளம் படிப்பார் என்று நாம் நம்பியிருக்க முடியாது.

திருவிழா பஞ்சாங்கத்தில் இருக்கிறது, சாவு இருப்பதில்லை. நள்ளிரவில் தேனி ஜில்லாக் கூடலூரிலிருந்து செய்தி வந்து, பொழுது விடிவதற்குள் குடும்பமே புறப்படவேண்டி வரும்போது, குழுவின் அடுத்த அமர்வுக்குக் காத்திரு என்று சொல்லுகிறவனை அவர்கள் மனிதனாக மதிக்கமாட்டார்கள், மதிக்கவும் வேண்டாம். ஆகையால் எல்லைப்புறத்துக் குடும்பம் எதிலும் பிள்ளையை ஒப்படைக்கிற ஆரம்பத்திலேயே, தேனி ஜில்லாவில் பெயர் குறித்த இன்னின்ன உறவினர் வீடுகளுக்கு இத்தனை நாளுக்கு மேற்படாமல், அலுவலருக்குச் செய்தி சொல்லிவிட்டுப் போய்வரலாம் என்று உத்தரவிலேயே ஒரு வாசகம் சேர்க்கும்படி குழுவை வேண்டிக்கொள். அமெரிக்காவில் இந்தத் தொல்லை முற்றிப்போய், பள்ளிச் சுற்றுலாவுக்கும் சிநேகிதி வீட்டில் ஓர் இராத் தங்குவதற்குங்கூட அலுவலகத்தின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த நிலையில், விவேகமுள்ள ஒரு பெற்றோர் தீர்மானிப்பதுபோல வளர்ப்புப் பெற்றோரே அன்றாட விஷயங்களைத் தீர்மானிக்கலாம் என்று 2014இல் ஒரு மத்திய சட்டம் செய்தார்கள். நம் சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. போகும் வரையில் நீ முன்யோசனையால் அந்தக் குறையை நிரப்ப வேண்டும்.

காகித வேலை இவ்வளவுதான். ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். பிள்ளையைத் தயார் செய்வதுதான் மெய்யான வேலை, அதை யாரும் உன்னிடம் அறிக்கையாகக் கேட்கமாட்டார்கள். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே போய் அவளோடு உட்கார். எந்த பஸ், எந்த வீடு, எங்கே படுப்பாள், எந்தக் கிழமை திரும்புவாள் என்று சொல்லு. நாட்காட்டியில் திரும்பும் நாளை அவளே குறித்துக்கொள்ளட்டும். அவளுடைய துணி முழுவதையும் பையில் வைக்க வேண்டாம் என்று அந்த அம்மாளிடம் சொல்லு: பள்ளிப் புத்தகமும், பாதித் துணியும், அவள் பிரியமாக வைத்திருக்கிற ஏதேனும் ஒரு சாமானும் லயத்து வீட்டிலேயே இருக்கட்டும். திரும்பி வருவோம் என்ற நமது வாக்குறுதியைக் காட்டிலும், அலமாரியில் விட்டுப்போன பாவாடையை அவள் அதிகமாக நம்புவாள். சில பிள்ளைகள் புறப்படும் தினத்தில் காரணமில்லாமல் சண்டை போடும், சாப்பிட மறுக்கும், பழையபடி படுக்கையை நனைக்கும். அதைக் கெட்டகுணம் என்று அந்தக் குடும்பம் எண்ணாதபடி முன்கூட்டியே எச்சரிப்பது உன் கடமை.

வீரபாண்டிக் கூட்டத்தை நீ பார்த்ததில்லை. முல்லையாற்றங்கரையில் கௌமாரியம்மன் சந்நிதியைச் சுற்றி இராப்பகல் ஜனம் நகர்ந்துகொண்டேயிருக்கும். தீச்சட்டி ஏந்தி வருகிறவர்களுக்கு வழிவிட்டுக் கூட்டம் ஒதுங்கும்போது கைப்பிடி நழுவுவது சகஜம். வளர்ப்புத் தாயின் தொலைபேசி எண்ணை ஒரு சீட்டில் எழுதி அவள் சட்டையின் உட்பையில் வைத்துத் தைத்துவிடச் சொல். பெயரும் கதையும் அந்தச் சீட்டில் வேண்டாம். இதைவிட முக்கியமான ஒன்று இராத்திரியைப் பற்றியது. திருவிழா வீட்டில் முற்றமெல்லாம் பாய். யார் பக்கத்தில் யார் படுக்கிறார்கள் என்று எவரும் கவனிப்பதில்லை. முன்பே எங்கோ காயப்பட்ட பிள்ளை, தனக்கு நேர்வதைச் சொல்லத் தெரியாத பிள்ளை. அவள் அந்த அம்மாளுக்கும் சுவருக்கும் நடுவில் படுக்கட்டும். இதைச் சொல்லும்போது வெட்கப்படாதே. நீ வெட்கப்பட்டால் அவர்கள் அதை உபசாரப் பேச்சாக நினைத்துக்கொள்வார்கள்.

பந்துக்கள் கூடிய இடத்தில் முதல் கேள்வி, "இது யாரு பிள்ளை?" என்பதாகத்தான் இருக்கும். இரக்கத்தோடு கேட்பார்கள், இரக்கத்தோடேயே "பாவம், தாய் இப்படி, தகப்பன் அப்படி" என்று பிள்ளையின் காதுபடப் பேசுவார்கள். என்ன பதில் சொல்லுவது என்று மலையிறங்குமுன் அந்தப் பிள்ளையையே கேட்டுக்கொள்ளச் சொல்லு. "எங்க வீட்டுப் பிள்ளை" என்பது போதும் என்று சில பிள்ளைகள் சொல்லும். பெற்றவளை மறைக்க விரும்பாத சில பிள்ளைகள் "அத்தை வீட்டுல இருக்கேன்" என்று தாமே சொல்லிக்கொள்ளும். எதுவானாலும் அவள் தேர்ந்த பதிலை எல்லாரும் சொல்ல வேண்டும். திருவிழாப் படம் ஒன்றில் அவள் முகம் விழுந்து அது வாட்ஸ்அப்பில் வலம் வருவதும் இந்தச் சங்கதியோடு சேர்ந்ததே. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுகிற பிள்ளையின் பெயர், பள்ளி, படம் முதலானவற்றைப் பகிரங்கப்படுத்துவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. பயமுறுத்தாமல் சொல்லு. பெரும்பாலும் அன்பினால்தான் அந்தப் படத்தைப் போடுகிறார்கள்.

அன்பினால் நேர்கிற இன்னொரு சங்கடத்தை நீ எதிர்பார்த்திருக்கமாட்டாய். கோயிலுக்குப் போன இடத்தில், "இவளுக்கும் சேர்த்து மொட்டை போட்டுக் காது குத்திவிடலாமே, தாய்மாமன் ஸ்தானத்தில் என் தம்பி மடியில் உட்காரட்டும்" என்று அந்த அம்மாள் நினைப்பாள். நினைப்பதில் எவ்வளவு பெருந்தன்மை! ஆயினும் அந்தப் பிள்ளைக்குப் பெற்றவள் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கும் ஒரு தெய்வம், ஒரு நேர்த்தி, ஒருவேளை வேறொரு மதமே இருக்கலாம். தலைமயிர் முளைத்துவிடும், ஆனால் அடுத்த முறைநாளில் மொட்டைத் தலையோடு வருகிற மகளைப் பார்க்கிற தாய், தன் இடம் பறிபோனதென்று எண்ணினால், அந்த எண்ணம் மூவரையும் வெகுகாலம் வருத்தும். பெற்றவளின் சம்மதமும் பிள்ளையின் சம்மதமும் இல்லாமல் எதையும் வேண்டிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிடு. பொட்டும் பூவும் வளையலும் ராட்டினமும் எவ்வளவு வேண்டுமானாலும் ஆகட்டும்.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலைக் குளிரில் வளர்ந்த பிள்ளைக்குக் கம்பம் பள்ளத்தாக்கின் சித்திரை வெயில் ஒத்துக்கொள்ளாது. சாதாரண ஜுரத்துக்கு எந்த வைத்தியரும் ஆகும். தேனி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அளவுக்கு ஏதேனும் நேர்ந்து, சிகிச்சைக்குக் கையெழுத்துக் கேட்டால், அந்தத் தம்பதியர் அங்கிருந்தே உனக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் தொலைபேசியில் சொல்ல வேண்டும். உத்தரவின் பிரதி, பழைய மருந்துச் சீட்டு, இரத்த வகை இவை ஒரே உறையில் இருக்கட்டும். பராமரிப்புத் தொகை மாதம் 4,000 ரூபாய்; அதிலிருந்து ஆஸ்பத்திரிச் செலவையும் பஸ் கட்டணத்தையும் அவர்கள் எப்படிச் சமாளிப்பார்கள் என்பதையும் நீ விசாரித்துக்கொள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நீ கடுமையாகவே இருக்க வேண்டும். உன் கடிதத்தின் பின்குறிப்பில், சிறுமியின் தாய்வழிப் பாட்டி கம்பத்துக்குப் பக்கத்தில் இருப்பதாகவும், போகிற வழியில் ஒரு நடை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வளர்ப்புத் தந்தை சொல்லுவதாகவும் எழுதியிருக்கிறாய். நல்ல மனசுதான். ஆனால் எந்தக் காரணத்தினால் பிள்ளை குழுவின் முன் வந்தாளோ, அந்தக் காரணம் அந்தப் பாட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம். பாட்டியைப் பார்ப்பது நல்லதென்று தோன்றினால் அதைத் தனி மனுவாக எழுது. தேனி ஜில்லாவிலுள்ள குழந்தைகள் பாதுகாப்பு அலகைக் கொண்டு அந்த வீட்டை விசாரிக்கச் சொல். குழு சம்மதித்தால், நீயோ அந்த அலகைச் சேர்ந்த ஒருவரோ உடனிருக்க, குறித்த இடத்தில் சந்திப்பு நடக்கட்டும். பாட்டியைத் திடீரென்று கண்டு, அரைமணியில் பிரிந்து, மறுபடி பஸ்ஸில் ஏற்றப்படுகிற பிள்ளைக்குத் திருவிழா ஏது?

இன்னொன்று. 2000ஆம் வருஷத்தை ஒட்டிப் பீருமேட்டுத் தாலுக்காவில் சில தோட்டங்கள் பூட்டிக் கிடந்தபோது, உறவினர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லி மலையிறங்கிய குடும்பங்கள் பல அங்கேயே வேலை தேடிக்கொண்டு தங்கிவிட்டன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கூலி நின்ற இடத்தில் யார்தான் காத்திருப்பார்கள்? ஆனால் வளர்ப்புப் பிள்ளையுள்ள வீட்டில் அண்டா குண்டாவும் ரேஷன் கார்டும் வண்டியில் ஏறுவதைக் கண்டாயானால், ஒரு வாரத்து அநுமதி அதற்குப் போதாது. பிள்ளை அவர்களோடு போவதா, இங்கேயே வேறு குடும்பத்தில் இருப்பதா, அங்குள்ள குழுவின் பார்வைக்கு மாற்றுவதா என்று இரண்டு ஜில்லாக் குழுக்களும் கலந்து தீர்மானிக்க வேண்டிய காரியம் அது. உன்னிடம் அதை அவர்கள் ஒளிக்காமல் சொல்லும்படியான நம்பிக்கையை இப்போதே சம்பாதித்து வைத்துக்கொள். திருவிழாவுக்குத் தடை சொல்லுகிற அலுவலரிடம் குடிபெயர்வதைப் பற்றி யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

இவ்வளவும் செய்தபின், "நான் வரவில்லை" என்று அந்தச் சிறுமியே சொல்லலாம். அப்போது அவளை வற்புறுத்தவும் வேண்டாம், உடனே இல்லத்தைக் காட்டவும் வேண்டாம். வளர்ப்புத் தந்தை பின்தங்கி அவளோடு வீட்டில் இருப்பாரா, அவள் முன்பே பழகிய, குழு அங்கீகரித்த வேறொரு குடும்பம் பக்கத்தில் உண்டா என்று பார். இடுக்கியைப் போலத் தமிழ்நாட்டை ஒட்டிய ஜில்லாக்களுக்குப் பொங்கலன்று கேரள அரசு உள்ளூர் விடுமுறை விடுகிறது. அடுத்த தை மாதத்தில் இரண்டு நாள் மட்டும் போய்வருகிற சிறிய பிரயாணமாக ஆரம்பித்துப் பழக்கலாம்.

மனுவைப் பங்குனி முடிவதற்குள் கொடுத்துவிடு. சித்திரை பிறந்தபின் அவசரம் காட்டினால் குழுவில் இருப்பவர்கள் அதையே சந்தேகமாக எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் திரும்பிய மூன்றாம் நாளுக்குள் லயத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வா. முதலில் பிள்ளையிடம் தனியாகப் பேசு. பெரியவர்களிடம் பிற்பாடு பேசலாம். மூத்தவரிடம் நீ வாதாட வேண்டியதில்லை. அவர் பெயரையும் என் பெயரையும் இழுக்காமல், "பிள்ளையை உடன் அழைத்துச் செல்வதே அவள் நலனுக்கு உகந்தது" என்று உன் கையெழுத்தோடு குழுவுக்கு எழுது.